சீனி போடாத கஸ்டட்: பழம் எப்போது உள்ளே போக வேண்டும்?

சென்ற வருடம் மகனின் பிறந்த நாளுக்கு முதல்நாள் இரவு ஒரு பெரிய கண்ணாடிச் சட்டி நிறையக் கஸ்டட் காய்ச்சினேன். வீட்டில் மாமிக்குச் சலரோகம். மாதம் தவறாமல் கிளினிக்குக்குப் போய் வருகிறவர். அவரும் ஒரு வாய் சாப்பிட வேண்டுமே என்று சீனிப் போத்தலைத் தொடவே இல்லை. எங்கள் வளவில் பழுத்த பப்பாசி ஒன்றை மசித்து, சூடு ஆறிய கஸ்டட்டில் கலந்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்தேன். படுக்கும் முன் ருசி பார்த்தபோது நன்றாகவே இனித்தது.

மறுநாள் பிற்பகல் மூடியைத் திறந்தால் சட்டியின் ஓரமெங்கும் தண்ணீர். நடுவில் திரைந்த பால் போல் ஏதோ மிதந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். முதலில் இனிப்பு, பிறகு நாக்கின் அடியிலிருந்து வேப்பங்கொழுந்தைக் கடித்தது போல் ஒரு கசப்பு. மாமியும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பிள்ளை, இதற்குள் என்ன மருந்து போட்டாய்?" என்று கேட்டார்.

பப்பாசியில் பிழையில்லை. பழத்தையும் சீனியைப் போல வெறும் இனிப்பு என்று நான் நினைத்ததுதான் பிழை. சீனி பாலில் கரைந்தால் கரைந்ததுதான். அதன் பின் அது பாலோடு சண்டை பிடிப்பதில்லை. பழம் அப்படியல்ல. இனிப்போடு தண்ணீரையும் புளிப்பையும் அது கொண்டுவருகிறது. சில பழங்கள் புரதத்தை வெட்டும் நொதியத்தையும் சேர்த்துக் கொண்டுவருகின்றன. எந்தப் பழத்தைப் போடலாம் என்று பலரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அந்தப் பழம் எந்த நேரத்தில் உள்ளே போக வேண்டும் என்பது. அது விளங்கிவிட்டால் வளவில் எது பழுத்திருக்கிறதோ அதை வைத்தே கஸ்டட் செய்துவிடலாம்.

கஸ்டட் எப்படித் தடிக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடைக்குப் போய்ப் பெட்டியில் வாங்கும் கஸ்டட் பவுடரில் முட்டை கிடையாது. அது பெரும்பாலும் சோளமா, நிறம், வனிலா வாசனை, சிறிது உப்பு. 1837இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் இதைக் கண்டுபிடித்தார். அவருடைய மனைவிக்கு முட்டை ஒவ்வாது. ஆனால் கஸ்டட் பிடிக்கும். முட்டை செய்யும் வேலையைச் சோளமாவைக் கொண்டு செய்வித்தார். அதுவே உலகமெல்லாம் போய், கடைசியில் நம்முடைய சந்திக் கடைத் தட்டிலும் வந்து உட்கார்ந்துவிட்டது.

அதற்கு முந்திய கஸ்டட் என்றால் முட்டையும் பாலும்தான். இந்த வகை நமக்குப் புதிதல்ல. மன்னார்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்குச் செய்யும் வட்டிலப்பத்தை நினைத்துப் பாருங்கள். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலக்காய் சேர்த்து நீராவியில் அவிப்பது. அதுவும் ஒரு கஸ்டட்தான்.

முட்டையின் புரதம் பச்சையாக இருக்கும்போது நூற்பந்து போலச் சுருண்டிருக்கும். சூடு பட்டதும் பந்து பிரிந்து, நூல்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு வலையாகின்றன. அந்த வலையின் கண்களுக்குள் பால் அகப்பட்டு நிற்கிறது. நாம் கஸ்டட் என்று கரண்டியால் அள்ளுவது அகப்பட்ட பாலைத்தான். மாச் சேராத கஸ்டட் 70 முதல் 80 பாகை செல்சியஸுக்குள் தடிக்கிறது. 85ஐத் தாண்டினால் வலை இறுகி, பிழிந்த துணி போல் தண்ணீரைக் கக்கிவிடும். பால் திரைந்துவிட்டது என்று நாம் அடுப்பைத் திட்டுவது அந்த நேரத்தில்தான்.

சோளமாவின் வழி வேறு. அதன் மாப்பொருள் மணிகள் சூடான பாலைக் குடித்து ஊதுகின்றன. ஒடியற்கூழ் காய்ச்சுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒடியல்மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தானே கொதிக்கும் கூழில் விடுகிறோம்? நேரே கொட்டினால் கட்டி கட்டியாகத் திரளும். கஸ்டட் மாவுக்கும் அதே சட்டம்: முதலில் ஆறிய பாலில் கரைசல், பிறகு அடுப்பு. இன்னொன்று, மாப்பொருள் முழுதாக ஊத வேண்டுமானால் கொதிநிலைக்குக் கிட்டப் போக வேண்டும். இளஞ்சூட்டில் இறக்கினால் பச்சை மா வாசம் நாக்கில் நிற்கும்.

சீனி இருந்தபோது என்ன வேலை செய்தது?

சீனியை எடுத்துவிடுகிறோம் என்றால் அது செய்துகொண்டிருந்த வேலைகளையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம். இனிப்பு எல்லோருக்கும் தெரிந்த வேலை. தெரியாத வேலை ஒன்றும் இருக்கிறது. முட்டைப் புரதம் முடிச்சுப் போடுவதைச் சீனி தாமதப்படுத்துகிறது. சீனி கூடிய கலவை இறுகக் கூடுதல் சூடு வேண்டும். சீனி இல்லாத கலவை விரைவிலேயே இறுகி, விரைவிலேயே திரைந்தும் விடுகிறது. கருப்பட்டி நிறையப் போட்ட வட்டிலப்பம் ஆவிச் சூட்டைத் தாங்கி நிற்கிறது. சீனியில்லாத முட்டைக் கஸ்டட்டுக்கு அதே அடுப்பைக் கொடுத்தால் உள்ளே தேன்கூடு போல் ஓட்டை ஓட்டையாக வரும்.

அதனால் முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு என் யோசனை: முட்டையும் சோளமாவும் இரண்டும் சேர்ந்த கஸ்டட்டைச் செய்யுங்கள். மாப்பொருள் கலந்திருந்தால் முட்டைப் புரதம் கண்டபடி இறுகாமல் தடுக்கப்படுகிறது. கொதிக்க விட்டாலும் திரையாது. இங்கே இன்னொரு சூட்சுமமும் உண்டு. மஞ்சட்கருவுக்குள் மாப்பொருளைச் சிதைக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. கஸ்டட் நன்றாகக் கொதிக்காவிட்டால் அது சாகாமல் உள்ளேயே இருந்து, இரவு முழுதும் வேலை செய்து, காலையில் கஸ்டட்டைப் பாயசமாக்கி வைத்துவிடும். "நேற்று நல்ல தடிப்பாக இருந்ததே" என்று திகைப்பவர்கள் பலரும் முதல் குமிழியைக் கண்டவுடன் அடுப்பை அணைத்தவர்கள்.

உடம்புக்கு நல்லது என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பால் அரை லீற்றருக்கு ஐந்து மேசைக்கரண்டி சீனி என்பது நம் வீடுகளில் வழக்கமான அளவுதான்; அதற்கு மேல் ரின்பாலும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த ரின்பாலில் கிட்டத்தட்டப் பாதி சீனி. ரின்பாலை விட்டுவிடுங்கள். ஐந்து மேசைக்கரண்டி மட்டும் ஏறக்குறைய 60 கிராம் வரும். 100 கிராம் கஸ்டட்டுக்கு 10 கிராமுக்கும் மேல். இலங்கையில் 2016இலிருந்து குளிர்பானப் போத்தல்களில் நிற அடையாளம் போடுகிறார்கள் அல்லவா? 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு. நம் கஸ்டட் குளிர்பானமாக இருந்திருந்தால் அந்தச் சிவப்புக்குக் கிட்டப் போயிருக்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு நாளின் மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குக் குறைவாகவே சேர்க்கப்பட்ட சீனியிலிருந்து வர வேண்டும் என்றும், 5 வீதத்துக்குக் கீழே இறக்கினால் இன்னும் நல்லது என்றும் சொன்னது. 2000 கிலோகலோரி உண்கிற ஒருவருக்கு அந்த 5 வீதம் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. இந்தக் கணக்கில் கடைச் சீனி மட்டுமல்ல, தேனும் பாணிகளும் பழச்சாறும் சேரும். முழுப் பழம் சேராது. பழத்தை நாரோடு மென்று தின்னும்போது சீனி மெதுவாகவே இரத்தத்துக்குள் போகிறது, வயிறும் நிறைகிறது. சாறாகப் பிழிந்தால் அந்த நார் போய்விடுகிறது. மசித்த கூழ் இரண்டுக்கும் இடைப்பட்டது. பிரித்தானியாவில் கூழாக்கிய பழத்தின் சீனியையும் சேர்க்கப்பட்ட சீனியோடுதான் எண்ணுகிறார்கள். ஆகவே பழத்தைக் கூடியவரை துண்டாகப் போடுவதே நல்லது. இனிப்புக்காகக் கொஞ்சம் மசிக்கலாம். எல்லாவற்றையும் மிக்சியில் அடிக்க வேண்டாம்.

பனங்கட்டி போட்டால் சரிதானே என்று பலர் கேட்பதுண்டு. பனங்கட்டியின் வாசத்துக்கு நானும் அடிமைதான். ஆனால் அதுவும் சீனிதான். குட்டானில் கட்டி விற்பதால் அது பழமாகிவிடாது.

பழங்களும் அவற்றின் குணங்களும்

வாழைப்பழத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தொடங்குகிறவர்களுக்கு அதைப் போல் பொறுமையான பழம் வேறில்லை. புளிப்புக் குறைவு, பாலைத் திரைய விடாது, வருடம் முழுதும் கிடைக்கும். காய் பழுக்கும்போது அதன் மாப்பொருள் சீனியாக மாறுகிறது. ஆகவே தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த கதலியைத்தான் எடுக்க வேண்டும். பச்சை கலந்த மஞ்சளில் இருப்பதை எடுத்தால் இனிப்பும் வராது, வாயும் துவர்க்கும். கப்பல் வாழைப்பழமென்றால் வட்டமாக வெட்டி, எண்ணெய் இல்லாத தாச்சியில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டிப் பாருங்கள். தண்ணீர் வற்றி இனிப்பு திரளும். வாசம் படலை வரைக்கும் போகும். வெட்டிய வாழைப்பழம் காற்றுப் பட்டுக் கறுப்பதைத் தடுக்க இரண்டு துளி தேசிக்காய்ச் சாறு போதும். துளிதான், கரண்டிக் கணக்கில் ஊற்றினால் புளிப்பு பாலைப் பிடித்துக்கொள்ளும்.

பேரீச்சம்பழம் வேறு சாதி. அதன் நிறையில் மூன்றில் இரண்டு பங்களவு சீனிதான். அதனால் இது கஸ்டட்டின் இனிப்புக்கு அடித்தளம் போடுகிற பழம்; நாலே நாலு போதும். காய்ந்த பழம் என்பதால் தண்ணீர் விட்டுக் கலவையை இளக்காது. அதிகம் புளிக்காததால் பாலோடு சேர்த்துச் சூடாக்கலாம். கடைகளில் பிளம்ஸ் என்று விற்கும் உலர்ந்த முந்திரிகையும் அப்படித்தான், ஆனால் எனக்கு அது கஸ்டட்டுக்குள் ஊறிப் புடைத்துக் கிடப்பது பிடிக்காது.

மாம்பழம் கஸ்டட் நன்றாக ஆறிய பிறகே போக வேண்டும். கறுத்தக் கொழும்பான் நார் குறைந்தது, வாசம் மிகுந்தது. சூட்டில் போட்டால் அந்த வாசம் ஆவியாகப் போய்விடும். புளிப்பு கொஞ்சம் மிஞ்சிய பழமானால் பாலும் திரையும். கஸ்டட் ஆறி இறுகிய பின் மேலே துண்டுகளாகப் பரப்பினால் இரண்டு தொல்லையும் இல்லை.

இனி என்னைக் கவிழ்த்த பப்பாசிக்கு வருவோம். பப்பாசியில் பப்பேன் என்ற நொதியம் இருக்கிறது. இறைச்சி மெதுவாக வேண்டும் என்று பப்பாசிக் காய்த் துண்டைக் கறியில் போடுவது இதற்காகத்தான். காயில்தான் அது மிகுதி, ஆனால் பழத்திலும் மிச்சம் உண்டு. பாலின் புரதத்தை அது சிறு சிறு துண்டாக வெட்டுகிறது. வலை அறுந்தால் பால் வெளியே ஒழுகும். அதுதான் நான் சட்டியோரம் கண்ட தண்ணீர். வெட்டுண்ட புரதத் துண்டுகள் சில கசக்கும். அதுதான் மாமி கண்ட மருந்து. பப்பாசியும் பாலும் சேர்த்தடித்த ஜூஸை உடனே குடித்தால் இனிக்கிறது, ஒரு மணி நேரம் வைத்தால் கசக்கிறது அல்லவா? அதே சங்கதிதான். பப்பாசி வேண்டுமென்றால் சாப்பிடும் கிண்ணத்தில், சாப்பிடும் நிமிடத்தில், மேலே வையுங்கள். இப்போது வன்னியில் தோட்டம் தோட்டமாக நிற்கும் ரெட் லேடி இனப் பப்பாசியின் அந்தச் செம்மை நிறம் மஞ்சள் கஸ்டட்டின் மேல் அழகாகவே இருக்கும். ஆனால் கலக்கி வைத்துவிட்டுக் கலியாண வீட்டுக்குப் போய் வராதீர்கள்.

அன்னாசியும் இந்தக் கூட்டாளிதான். அதன் நொதியத்துக்குப் புரோமெலின் என்று பெயர். ஆனால் பப்பேனைப் போல் அது சூட்டுக்கு நின்று பிடிப்பதில்லை. அன்னாசித் துண்டுகளை அவற்றின் சாற்றிலேயே ஏழெட்டு நிமிடம் கொதிக்க வைத்து, சாறு வற்றியதும் ஆறவிட்டுச் சேர்த்தால் பிரச்சினை இல்லை. தகரத்தில் வரும் அன்னாசி ஏற்கனவே வெந்ததுதான், ஆனால் அதைப் பெரும்பாலும் சீனிப் பாணியில் போட்டிருப்பார்கள். சீனியைத் தவிர்க்கத்தானே இந்தப் பாடெல்லாம்?

கொடித்தோடையும் விளாம்பழமும் கடும் புளிப்பு. பசுப்பாலின் புரதம் அந்தப் புளிப்பைக் கண்டால் உடனே திரளும், தயிர் உறைவது போல. இவற்றுக்குத் தேங்காய்ப்பால்தான் தோழன். விளாம்பழத்தைத் தேங்காய்ப்பாலில் கரைத்துக் குடிக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறதே. அதைப் பசுப்பாலில் ஒருவரும் கரைப்பதில்லை.

இப்போது அடுப்புக்கு

ஐந்து பேருக்கு வேண்டியவை: பால் அரை லீற்றர், ஊர்க்கோழி முட்டை மூன்றின் மஞ்சட்கரு, மட்டமாக வழித்த சோளமா இரண்டு மேசைக்கரண்டி, விதை எடுத்த பேரீச்சம்பழம் நான்கு, கறுவாப் பட்டை விரல் நீளத்துக்கு ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. இறுதியில் சேர்க்க நன்கு பழுத்த கதலி மூன்று, அல்லது ஒரு நடுத்தர மாம்பழம். கடையில் வாங்கும் பாம் முட்டை பெரிது என்பதால் அதில் இரண்டு போதும். ஊர் முட்டை மஞ்சட்கருவின் நிறம் இருக்கிறதே, அதைப் போட்டால் நிறப்பவுடர் எதற்கு என்றாகிவிடும்.

பால் கறந்து வந்ததா, பால்மாவில் கரைத்ததா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. கறந்த பாலென்றால் முதலில் ஒரு கொதி காய்ச்சி ஆறவிட வேண்டும். பால்மாவைக் கொஞ்சம் தடிப்பாகவே கரையுங்கள்.

அரை லீற்றரில் சிறு கிளாஸ் அளவு ஆறிய பாலை எடுத்துத் தனியே வையுங்கள். மீதியில் பேரீச்சம்பழத்தைக் கிள்ளிப் போட்டு, கறுவாவும் போட்டு, அடி தடித்த பாத்திரத்தில் சூடாக்குங்கள். ஆவி எழும்பத் தொடங்கியதும் இறக்கி மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். பழம் ஊறி மெத்தென்று ஆகிவிடும். கரண்டியின் பின்புறத்தால் பாத்திரத்தோடு அழுத்தித் தேய்த்தால் கரையும். பால் இளம் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். தோல் துணுக்குகள் கிடக்கும். அவற்றை வடிக்க வேண்டாம், அங்கேதான் நார் இருக்கிறது. கறுவாவை மட்டும் எடுத்துவிடுங்கள். கறுவா, ஏலக்காய், வனிலா இந்த மூன்றுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு: அவற்றின் வாசம் நாக்கை ஏமாற்றி, இருக்கும் இனிப்பைக் கூட்டிக் காட்டும்.

எடுத்து வைத்த ஆறிய பாலில் சோளமா, மஞ்சட்கரு, உப்பு மூன்றையும் கட்டியில்லாமல் அடியுங்கள். இனி அவசரப்படக்கூடாத இடம். சூடான பாலை ஒரு அகப்பை எடுத்து முட்டைக் கரைசலில் விட்டுக் கலக்குங்கள். பிறகு இன்னொரு அகப்பை. சூடு முட்டைக்குப் படிப்படியாகப் பழக வேண்டும். மாறாக முட்டையைக் கொண்டுபோய்க் கொதிபாலில் ஊற்றினால் பாலுக்குள் முட்டைப் பொரியல்தான் மிதக்கும். மூன்று அகப்பை போன பின் முழுவதையும் பாத்திரத்துக்குத் திருப்பி ஊற்றி, மெல்லிய நெருப்பில் வைத்துக் கிளறுங்கள்.

முதல் நான்கு நிமிடம் ஒன்றும் நடவாது. கை மட்டும் நோகும். பிறகு அகப்பை அடியைச் சுரண்டும்போது ஒரு கனம் தெரியும். மேலே மிதந்த நுரை மறையும். அகப்பையை வெளியே எடுத்து அதன் முதுகில் விரலால் ஒரு கோடு கீறினால் கோடு மூடாமல் நிற்கும். பலர் இதோடு இறக்கிவிடுகிறார்கள். இன்னும் இல்லை. பாத்திரத்தின் நடுவில் சேற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஒரு குமிழி எழும்பி "பொளக்" என்று வெடிக்கும். அதன் பின் இரண்டாவது, மூன்றாவது. அந்த முதற்குமிழியிலிருந்து ஒன்றரை நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். மா வேகவும், மஞ்சட்கருவின் நொதியம் சாகவும் அந்த நேரம் வேண்டும். விறகடுப்பென்றால் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் இதைச் செய்வது நல்லது.

இறக்கியதும் அகலமான சட்டிக்கு மாற்றி, அந்தச் சட்டியைக் கிணற்றுத் தண்ணீர் நிரம்பிய தாம்பாளத்தில் வையுங்கள். மேலே ஆடை படியாமலிருக்க ஏதாவது மூட வேண்டும். சூட்டில் பிளாஸ்டிக் தாளைப் படவிட எனக்கு விருப்பமில்லை. தணலில் வாட்டிய வாழையிலைத் துண்டைக் கழுவித் துடைத்து, கஸ்டட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும்படி படிய வைக்கிறேன். எடுக்கும்போது இலை நரம்பின் வரிகள் கஸ்டட்டில் அப்படியே பதிந்திருக்கும்.

ஆறிய பின்னரே பழம். கதலியை வெட்டி, பாதியைக் கஸ்டட்டுக்குள் மெல்லக் கலந்து, மீதியை மேலே அடுக்குங்கள். குளிரவைத்துச் சாப்பிட்டால் பழக் கஸ்டட்டுக்கு ஒரு அனுகூலமும் உண்டு. சாதாரணச் சீனி குளிரும்போது நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும். பழங்களில் இருக்கும் புருக்டோஸ் குளிரில்தான் கூடுதலாக இனிக்கும். மேலே தூவ முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்கிய வறுத்த கச்சானை விட நல்லது எனக்குத் தெரியாது. தோலை ஊதிவிட்டுக் கரகரப்பாக இடித்துப் போட்டால் போதும்.

நாலு பேரீச்சம்பழமும் மூன்று கதலியும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிராம் சீனி தரும். ஐந்து பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 8 கிராம். பழைய முறையில், பழம் எதுவும் போடாமலே, தலைக்கு 12 கிராம். பெரிய வெற்றி என்று தம்பட்டம் அடிக்க இதில் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த எட்டில் பெரும்பகுதி நாரோடு மென்று விழுங்குவது. சலரோகக்காரர் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாலிலும் சீனி இருக்கிறது, சோளமாவும் உடம்புக்குள் சீனியாகத்தான் மாறும். மாமிக்கு நான் கொடுப்பது சிறு கிண்ணத்தில் மூன்று மேசைக்கரண்டி. அன்றைக்கு இரவு புட்டில் ஒரு பிடி குறைத்துக்கொள்வார்.

விரத நாளில் முட்டை கூடாதென்றால் மூன்று மேசைக்கரண்டி சோளமா மட்டும் போட்டுக் காய்ச்சுங்கள். நிறத்துக்கு ஒரு துளி மஞ்சள் என்று சிலர் போடுவார்கள். எனக்கு அது ரசத்தை நினைவூட்டுகிறது.

முட்டை மட்டுமே போட்ட அவித்த கஸ்டட் வேண்டுமென்கிறவர்கள், தடித்த தேங்காய்ப்பால் ஒன்றேகால் கிளாஸில் இரண்டு பாம் முட்டையை நுரை வராமல் கலக்கி, மசித்த கதலி இரண்டும் ஏலக்காயும் சேர்த்துச் சிறு கிண்ணங்களில் ஊற்றி, இடியப்பப் பானையில் அவிக்கலாம். தண்ணீர் துள்ளிக் கொதிக்கக் கூடாது; மூடியில் துணி கட்டினால் ஆவித்துளி விழாது. சீனி இல்லாததால் விரைவில் இறுகும் என்பதை மறக்க வேண்டாம். இருபது நிமிடத்தில் திறந்து கிண்ணத்தை ஆட்டிப் பாருங்கள். நடு மட்டும் சற்று நடுங்கினால் இறக்கிவிடலாம். மிச்சச் சூட்டில் அதுவும் இறுகிவிடும்.

வன்னி வெயிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாலும் முட்டையும் சேர்ந்தது கிருமிக்குப் பிடித்த உணவு. சாதாரண நாளிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வைகாசி வெக்கையில் ஒரு மணி நேரமே அதிகம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடானால் சாப்பிடும் அளவுக்கு மட்டும் காய்ச்சுங்கள். மின்சாரம் நின்று நெடுநேரமாகிவிட்டதென்றால் முகர்ந்து பார்த்து முடிவெடுக்காமல் கொட்டிவிடுங்கள். கெட்டது எல்லாம் மணந்து காட்டாது.

இந்த வருடப் பிறந்த நாளுக்குக் கதலிக் கஸ்டட் செய்தேன். அன்று காலை ஏ9 வீதியோரம் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். மகன் ஒரு பை வாங்கிவந்து, இதையும் உள்ளே போடுங்கள் அம்மா என்று பிடிவாதம் பிடித்தான். இனிப்பென்றால் காட்டில் அதற்கு மேல் பழமில்லை. ஆனால் அதன் பால் எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும், என் நல்ல கண்ணாடிச் சட்டியை அதற்குக் கொடுக்க மனமில்லை. தனியாக ஒரு தட்டில் வைத்தேன். மாமி தன் மூன்று கரண்டியையும் முடித்துவிட்டு, இந்த முறை மருந்து போடவில்லையா என்று கேட்டார். மகனால் சிரிக்க முடியவில்லை. உதடு இரண்டும் ஒட்டியிருந்தன.